ஆன்மா, எண் 7

ஹல் நகரில், ஆற்றைப் பார்த்த மாடியறையில்
மியூரியல் தாக்ரே இரவு முழுக்க
ஒரு கம்பிவடத்தைப் பிரித்துக்கொண்டிருக்கிறாள்.
வடம் இங்கே இல்லை.
தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் சவோய் மலையில்
ஆந்தெல்ம் துக்ருவே என்பவர் காப்புரிமை வாங்கியது.
காகிதத்தில் மட்டும் இன்னும் முறுக்கு விடாமல் இருக்கிறது.

லீட்ஸ் வக்கீலுக்குக் காலை ஒன்பதுக்குள் வேண்டும்.
இருபத்திரண்டு பக்கம், தட்டச்சு,
எல்லாம் பெரிய எழுத்து.
எழுத்துக்கு மேலே குல்லாய் இல்லை,
எழுத்துக்கு நடுவே கொக்கி இல்லை.

பழகிய வேலைதான்.
பிரெஞ்சில் இயந்திரங்களுக்கு உடம்பு உண்டு.
தொண்டை என்று வந்ததைப் பள்ளம் ஆக்குவாள்,
விரல் என்று வந்ததை முளை ஆக்குவாள்.
மரப்பொருத்தில் அங்கே தகைவிலான் வால்,
கடலைத் தாண்டினால் புறாவின் வால்.
அன்னத்தின் கழுத்து கரையேறும்போது வாத்தின் கழுத்து.
மான்குளம்பாகப் புறப்பட்ட கடப்பாரை
டோவரில் இறங்குகையில் காக்கை.
எந்தச் சுங்கத்திலும் இதற்குப் பதிவில்லை.
சிரிக்க நான் யார்?
ஊசிக்கு அவள் மொழியில் கண்,
என் மொழியில் காது.

ஏழாம் எண்ணில் நின்றுவிட்டாள்.
‘லாம் 7’ என்று இருக்கிறது.
கொக்கி இருந்து உதிர்ந்திருந்தால் அது ஆன்மா.
கொக்கியே இல்லையென்றால் தகடு.

வடத்தின் நடுவே ஆன்மா இருக்கும், அது தொழில்வழக்கு.
கொழுப்பில் ஊறிய சணல் ஆன்மா.
அதைக் கட்டிக்கொண்டுதான் எஃகு இழைகள் சுற்றும்.
தகடும் இருக்கலாம்.
யாரும் செய்யாததைச் செய்தேன் என்றுதானே
ஆந்தெல்ம் முத்திரை வாங்கினார்.
வழக்கே அதில்தான் தொங்குகிறது.

படத்தைப் பெரிதாக்கினாள்.
ஏழிலிருந்து கிளம்பிய கோடு
வடத்துக்குள் நுழைந்து
ஒரு காபிக் கறையில் முடிந்தது.
எந்தக் குமாஸ்தாவின் காபியோ.

பதினேழாம் பக்கத்தில்,
‘லாமைச் சுற்றி’ என்று ஓர் இடம்.
தகடாக இருந்தால் முன்னால் ‘லா’ வந்தாக வேண்டும்.
மேற்படி திருகு, மேற்படி வளையம், மேற்படி கொழுப்பு என்று
எதையும் துணையில்லாமல் வெளியே அனுப்பாத மனிதர்
தகட்டை மட்டும் தனியே விடுவாரா?
‘லா’ இல்லை.
அடுத்த சொல் விழுங்கியிருக்கிறது.
உயிரெழுத்தில் தொடங்கும் சொல்தான் அப்படி விழுங்கும்.
உயிரின் முன் ஓர் உயிர் கெட்டிருக்கிறது.

ஆக, ஆன்மா உண்டு.
இல்லாத இரண்டெழுத்தை வைத்து அதை நிரூபித்துவிட்டு
நிமிர்ந்தபோது மணி நாலே கால்.
ஆற்றில் ஏதோ கப்பல் ஊதியது.
கழுத்தைத் தடவிக்கொண்டு
முதல் இடத்தில் தட்டினாள்: ‘கோர்’.
ஆப்பிளைத் தின்று முடித்துக்
குப்பையில் எறிகிறோமே,
அதற்கும் அவள் ஊரில் அதே சொல்தான்.
வேறு சொல் இல்லையா என்றால், இல்லை.
வேறு எதைப் போட்டாலும்
எந்தப் பொறியாளரும் சிரிப்பார்.

அடிக்குறிப்பு மட்டும் ஆறு வரி எழுதினாள்,
கொக்கி, குல்லாய், விழுங்கப்பட்ட ‘லா’ எல்லாம் விளக்கி.
நல்ல ஆறு வரி.

ஒன்பதரைக்கு கிரெய்க் லோமக்ஸிடமிருந்து பதில்:
பிரமாதம், நன்றி,
அந்தக் குறிப்பை மட்டும் எடுத்துவிடலாமா,
கட்சிக்காரர் பயந்துவிடுவார்.

எடுத்தாள்.
ரசீது போட்டாள்.
‘லாம்’, முப்பத்தொரு முறை,
சொல்லுக்குப் பன்னிரண்டு பென்னி.
கொக்கி விழுந்ததோ இல்லையோ
எண்ணும் கணினிக்கு அது ஒரே சொல்.

மதியம் அடுத்த கோப்பு வந்தது.
ஏதோ எஞ்சினுக்குக் காற்றைத் திறந்து மூடும் வால்வு.
பிரெஞ்சில் அதற்குப் பெயர்
பட்டாம்பூச்சி.